பஸ்கா ஏன் இப்படி முன்னும் பின்னும் ஓடுகிறது? யூத நாட்காட்டியின் மாதக் கணக்கு

#1 வாரக்கடைசி

எங்க டீமுக்கு டெல் அவிவ்ல ஒரு கிளையன்ட். ரிலீஸ் பிளான் போடறதுக்காக அவங்க பண்டிகை லீவையெல்லாம் எக்செல்ல ஏத்திக்கிட்டு இருந்தேன். அவங்க வசந்தப் பண்டிகை பஸ்காவோட முதல் நாளை மட்டும் பாருங்க. 2024ல ஏப்ரல் 23. 2025ல ஏப்ரல் 13. 2026ல ஏப்ரல் 2. சரி, ரம்ஜான் மாதிரி வருஷத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னாடி வருதுபோலன்னு நினைச்சு 2027க்கு மார்ச் 22 பக்கம் தேடினா, ஏப்ரல் 22ல போய் உட்கார்ந்திருக்கு!

அவங்க வருஷப் பிறப்பு ரோஷ் ஹஷானாவும் இதே கூத்துதான். செப்டம்பர் 16, 2023. அக்டோபர் 3, 2024. செப்டம்பர் 23, 2025. செப்டம்பர் 12, 2026. அக்டோபர் 2, 2027. கழிச்சுப் பார்த்தா வருஷத்தோட நீளம் 383, 355, 354, 385 நாள். நாலு வருஷம், நாலு நீளம். இது சந்திர வருஷமா, சூரிய வருஷமா, இல்ல யாராவது சீட்டுக் குலுக்கிப் போடறாங்களா?

#2 பஞ்சாங்கப் பிரியன்

தம்பி, நம் தீபாவளியை எழுதிப் பாருங்கள். 2023ல் நவம்பர் 12, 2024ல் அக்டோபர் 31, 2025ல் அக்டோபர் 20, 2026ல் நவம்பர் 8. மூன்று வருடம் முன்னால் நகர்ந்து வந்து, பிறகு ஒரே தாவாகப் பின்னால் போகிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே.

அமாவாசையிலிருந்து அமாவாசைக்கு ஏறக்குறைய இருபத்தொன்பதரை நாள். பன்னிரண்டு முறை வந்தால் 354 நாள். சூரியனுக்கு 365 நாளும் சொச்சமும் வேண்டும். பதினோரு நாள் துண்டு விழுகிறது. அப்படியே விட்டுவிட்டால் ஹிஜ்ரி வருடம். பண்டிகைகள் எல்லாப் பருவங்களையும் சுற்றி வரும். விடாமல் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஒரு மாதத்தைச் செருகினால் அது சந்திர சூரிய வருடம். தெலுங்கர், கன்னடர் பஞ்சாங்கத்தில் அதற்கு அதிக மாதம் என்று பெயர். 2023ல் அதிக சிராவணம் வந்தது, 2026ல் அதிக ஜேஷ்டம். யூதர்களுடையதும் இந்தக் குடும்பந்தான்.

ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. நம்மில் எந்த மாதத்தில் சங்கராந்தி விழவில்லையோ அந்த மாதம் அதிகமாகும். அதனால் அது இடம் மாறிக்கொண்டே இருக்கும். அவர்களுக்கு எப்போதும் ஒரே இடம்: ஆதார் மாதம். முதல் ஆதார், இரண்டாம் ஆதார் என்று இரண்டு வரும்.

#3 நெல்லைச்சீமை

விடாமல் செருகுவதற்குக் காரணம் வேதாகமத்திலேயே இருக்கிறது. உபாகமம் 16ஆம் அதிகாரம் தொடங்குவதே ஆபிப் மாதத்தைக் கவனித்து பஸ்காவை ஆசரிக்க வேண்டும் என்றுதான். ஆபிப் என்பது வாற்கோதுமைக் கதிர் பால் பிடித்து முற்றும் பருவம். மாதத்தைச் சந்திரனை வைத்து எண்ணு, ஆனால் பண்டிகை அறுப்புக் காலத்தை விட்டு நகரக்கூடாது. இரண்டு கட்டளையையும் ஒன்றாகக் கைக்கொள்ளப் போனதில் பிறந்ததுதான் இந்தச் சிக்கல் முழுவதும்.

நிசான், சீவான், எலூல், கிஸ்லேவ், ஆதார் என்று நெகேமியாவிலும் எஸ்தரிலும் வருகிற பெயர்கள் பாபிலோன் சிறையிருப்புக்குப் பிறகு வந்தவை. அதற்கு முந்தைய புத்தகங்களில் பெரும்பாலும் முதலாம் மாதம், ஏழாம் மாதம் என்ற எண்தான். ஏத்தானீம், பூல் போன்ற பழைய பெயர்கள் சாலொமோன் ஆலயம் கட்டுகிற இடத்தில் எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். பெயர்கள் பாபிலோனிலிருந்து கூடவே வந்தவை என்று யூத ஞானிகளே எருசலேம் தல்மூது என்ற தங்கள் பழைய சட்ட விளக்கத் தொகுப்பில் ஒப்புக்கொள்கிறார்கள். நாலாம் மாதத்தின் பெயர் தம்மூஸ். எசேக்கியேல் 8ஆம் அதிகாரத்தில் பெண்கள் ஆலய வாசலில் உட்கார்ந்து யாருக்காக அழுதார்களோ, அதே பாபிலோன் தெய்வத்தின் பெயர்! தீர்க்கதரிசி திட்டியும் மாதப் பெயர் நிலைத்துவிட்டது.

#4 ஏழாம் வாய்ப்பாடு

கணக்கு என் பங்கு.

19 சூரிய வருஷமும் 235 சந்திர மாதமும் கிட்டத்தட்ட ஒரே நீளம். 19 × 12 = 228. மிச்சம் 7. ஆகவே 19 வருஷத்தில் 7 வருஷத்துக்குப் பதின்மூன்று மாதம். எந்த ஏழு? 3, 6, 8, 11, 14, 17, 19.

யூத வருஷ எண்ணை 19ஆல் வகுங்கள். மீதி 0, 3, 6, 8, 11, 14, 17 என்று வந்தால் இரட்டை ஆதார். 2023 செப்டம்பரில் தொடங்கிய 5784ஐ வகுத்தால் மீதி 8. அதனால்தான் 2024 பஸ்கா அவ்வளவு தள்ளி வந்தது. 5785க்கு மீதி 9, 5786க்கு 10. இரண்டும் சாதா வருஷம். 5787க்கு மீதி 11, மறுபடி பதின்மூன்று மாதம். 2027 ஏப்ரல் 22க்கு விடை இதுவே.

மாத நீளங்கள் 30, 29, 30, 29 என்று மாறி மாறி. நிசான் 30, ஈயார் 29, சீவான் 30, தம்மூஸ் 29, ஆவ் 30, எலூல் 29, திஷ்ரி 30. அடுத்த இரண்டு, ஹெஷ்வானும் கிஸ்லேவும், ரப்பர் மாதிரி; ஒவ்வொன்றும் 29 ஆகலாம், 30 ஆகலாம். பிறகு தேவேத் 29, ஷெவாத் 30, ஆதார் 29. செருகும் வருஷத்தில் முதல் ஆதாருக்கு 30, இரண்டாவதுக்கு 29.

இந்த இரண்டையும் இழுத்தோ சுருக்கியோ 353, 354, 355 அல்லது 383, 384, 385. மொத்தம் ஆறே நீளங்கள். நெகிழ்வை ஏன் திஷ்ரிக்கு அப்புறம் வைத்தார்கள் என்று பாருங்கள்: நிசான் முதல் எலூல் முடிய எப்போதும் 177 நாள், அதில் கையே வைப்பதில்லை. பஸ்கா முதல் நாளிலிருந்து ரோஷ் ஹஷானாவுக்கு எந்த வருஷமும் 163 நாள். வாரக்கடைசி, எக்செல்ல ஒரு கட்டத்தை மிச்சம் பண்ணலாம்.

#5 வாரக்கடைசி

163 சரியா வருது! ஏப்ரல் 2, 2026லேர்ந்து செப்டம்பர் 12. ஏப்ரல் 22, 2027லேர்ந்து அக்டோபர் 2. சூப்பர்.

ஆனா ஒண்ணு. பஸ்கா நிசான் 15, நிசான்தான் முதல் மாசம்னா, வருஷப் பிறப்பு ஏன் ஏழாவது மாசத்துல?

#6 ஹைஃபா காற்று

இங்கே ஆராய்ச்சிக்காக வந்து சில வருஷம் ஆச்சு. பக்கத்து வீட்டுத் தாத்தாகிட்ட நான் கேட்ட முதல் கேள்வியே இதுதான். "எங்களுக்கு வருஷப் பிறப்பு நாலு"ன்னார். கேலின்னு நினைச்சேன், அவங்க பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவிலேயே அப்படித்தான் இருக்கு. நிசான் 1 அரசர்களின் ஆட்சி ஆண்டுக்கும் பண்டிகை வரிசைக்கும். எலூல் 1 ஆடுமாடுகளில் தசமபாகம் கொடுக்க. திஷ்ரி 1 ஆண்டு எண்ணிக்கைக்கு. ஷெவாத் 15 மரங்களுக்கு. நம்ம ஊர்ல நிதியாண்டு ஏப்ரல், பள்ளிக்கூடம் ஜூன், டைரி ஜனவரி. யாரும் குழம்பறதில்லையே.

#7 கீழக்கரைப் பிறை

எல்லாம் நல்லா இருக்கு. எனக்கு ஒரு நெருடல். 19 வருஷச் சக்கரம், வகுத்து மீதி, ரப்பர் மாதம்... இதுல பிறையைப் பார்த்தது யாரு?

எங்க பக்கம் மாசம் பிறந்துச்சுன்னு சொல்ல யாராவது கண்ணால பார்க்கணும், தலைமைக் காஜி அறிவிக்கணும். உள்ளூர்ப் பிறையா, உலகத்துல எங்க தெரிஞ்சாலும் போதுமா, கணக்கே போதுமான்னு மூணு அணியா நின்னு வருஷா வருஷம் சண்டை போடறோம், அது வேற கதை. ஆனா மாசத்தைச் செருகற வேலை கிடையாது. தவ்பா அத்தியாயம் 36, 37 வசனங்கள் மாதங்கள் பன்னிரண்டுன்னு சொல்லி, மாதத்தைத் தள்ளிப்போடறதைக் கண்டிக்குது. பிறையைப் பார்க்காத சந்திர நாட்காட்டி எனக்குப் புரியலை.

#8 ஹைஃபா காற்று

பாய், உங்க கேள்விக்குள்ளதான் இந்த நாட்காட்டியோட முழு வரலாறும் இருக்கு. அவங்களும் முதல்ல பார்த்துத்தான் சொன்னாங்க.

மிஷ்னாவில ரோஷ் ஹஷானான்னு ஒரு பகுதி. அதுல எருசலேம் நடைமுறை அப்படியே பதிவாகியிருக்கு. மாசத்தின் 30ஆம் நாள் சாட்சிகள் பேத் யாசேக் என்கிற பெரிய முற்றத்துல கூடுவாங்க. தொலைவிலிருந்து அலுக்காம வரணும்னு அவங்களுக்குப் பெரிய விருந்து. பிறகு ஜோடி ஜோடியா உள்ளே கூப்பிட்டு, ஆளாளுக்குத் தனியா விசாரணை. பிறை சூரியனுக்கு முன்னாலயா பின்னாலயா? வடக்கேயா தெற்கேயா? எவ்வளவு உயரம்? எந்தப் பக்கம் சாய்ஞ்சிருந்தது? ரெண்டு பேர் சொல்றதும் பொருந்தினா, ஞானிகள் மன்றத்தின் தலைவர் "புனிதமானது" என்பார், கூட்டம் திருப்பிச் சொல்லும், மாசம் பிறந்தது. சாட்சி வரலைன்னா பழைய மாசத்துக்கு 30 நாள். சூதாடி, வட்டிக்கு விடறவர், புறாப் பந்தயம் விடறவர் சாட்சி செல்லாது. ஆனா சாட்சி சொல்லப் போறதுக்காக, வேலையோ பயணமோ கூடாத சனிக்கிழமை ஓய்வுநாளையே மீறிப் பயணம் பண்ணலாம்!

செய்தி பரப்ப ஒலிவமலையில தீப்பந்தம். அதைப் பார்த்து சர்தபா மலையில, அங்கிருந்து அடுத்த குன்று, இப்படியே பாபிலோன் பக்கம் வரைக்கும். சமாரியர்கள் பொய்த் தீ மூட்டிக் குழப்பினதால அதை நிறுத்திட்டுத் தூதர்களை அனுப்பினாங்க. தூதர் போய்ச் சேர முடியாத தூரத்து யூதர்களுக்கு எந்த நாள் சரின்னு தெரியாது. அதனால சந்தேகத்துக்கு இரண்டு நாள் பண்டிகை. சந்தேகம் தீர்ந்து நூற்றாண்டுகள் ஆகியும் வெளிநாட்டு யூதர்களில் மரபு வழுவாதவங்க இன்னிக்கும் இரண்டு நாள் கொண்டாடறாங்க. பஸ்கா இஸ்ரேல்ல 7 நாள், வெளியே 8. ரோஷ் ஹஷானா மட்டும் இஸ்ரேல்லயும் இரண்டு நாள். மாசத்தின் முதல் நாளே பண்டிகைங்கறதால, எருசலேமுக்கு உள்ளேயே சாட்சி வரும்வரை யாருக்கும் தெரியாது.

மாசம் செருகறதும் அப்போ கணக்கில்லை, நிலத்தைப் பார்த்துச் சொன்ன தீர்ப்பு. வாற்கோதுமை முற்றிச்சா, மரத்துல காய் பிடிச்சுதா, சூரியன் எங்கே நிக்குது. மழையில பாதை கெட்டு யாத்திரிகர்கள் வந்துசேர முடியலைன்னாலும் ஒரு மாசம் கூட்டலாம். தல்மூதில ஒரு கடிதம் இருக்கு: புறாக்கள் இன்னும் குஞ்சு, ஆட்டுக்குட்டிகள் இளசு, கதிர்ப் பருவம் வரலை, ஆகவே இந்த ஆண்டுக்கு முப்பது நாள் கூட்டியிருக்கேன்னு. நான் படிச்ச அரசாணைகள்ல இவ்வளவு அழகா ஒண்ணு பார்த்ததில்லை.

#9 நெல்லைச்சீமை

அதே பகுதியில் கமாலியேல் கதையும் வருகிறது. அப்போஸ்தலர் நடபடிகளில் வருகிற, பவுலுக்கு ஆசானான கமாலியேல் அல்ல; அவர் பேரன். ஆலயம் இடிந்த பிறகு யாவ்னே ஊரில் மன்றத் தலைவர். சுவரில் பிறையின் வடிவங்களை வரைந்து மாட்டி, "நீ பார்த்தது இதுவா, அதுவா?" என்று சாட்சிகளைக் கேட்டவர்.

ஒரு முறை இரண்டு சாட்சிகள் வந்தார்கள். எதிர்பார்த்த இரவில் பிறையைப் பார்த்தோம் என்றார்கள். அடுத்த இரவோ பிறையே தெரியவில்லை. கமாலியேல் சாட்சியை ஏற்றுக்கொண்டார். "பிள்ளை பெற்றவளுக்கு மறுநாள் வயிறு முன்னால் தள்ளிக்கொண்டு நிற்குமா?" என்று ஒரு ஞானி கேலி செய்தார். ரபி யோசுவா அதை ஆமோதித்தார். அது திஷ்ரி மாதம். யோசுவாவின் கணக்குப்படி யோம் கிப்பூர், பாவநிவிர்த்தி நாள், ஒரு நாள் கழித்து வரும்.

கமாலியேல் ஆள் அனுப்பினார்: உன் கணக்குப்படி எது பாவநிவிர்த்தி நாளோ, அந்த நாளில் தடியும் பணமும் எடுத்துக்கொண்டு என்னிடம் வா. தடியும் பணமும் எடுத்துப் பயணம் போனால் அவர் கணக்குப்படி மகா பரிசுத்த நாளை மீறுகிறார். யோசுவா துடித்துப் போனார். நண்பர்களிடம் கேட்டார். மன்றம் அறிவித்ததே நாள், சரியோ தவறோ என்றார்கள். தடியை எடுத்தார், பணத்தை எடுத்தார், யாவ்னேவுக்கு நடந்தார். கமாலியேல் எழுந்து நின்று அவர் தலையில் முத்தமிட்டு, "வா, என் குருவே, என் சீடனே" என்றார். ஞானத்தில் குரு, சொல்லை ஏற்றதில் சீடன்.

கீழக்கரைப் பிறை கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். பிறை எப்போது தெரிந்தது என்பதைவிட எல்லாரும் ஒரே நாளில் நோன்பிருந்தார்களா என்பது அவர்களுக்குப் பெரிதாயிற்று.

#10 கீழக்கரைப் பிறை

கதை மனசைத் தொட்டுச்சு, மறுக்கலை. ஆனா கமாலியேல்கிட்ட ரெண்டு சாட்சியாவது இருந்தாங்க. இன்னிக்கு?

#11 ஏழாம் வாய்ப்பாடு

இன்னிக்கு சாட்சி ஒரு எண். 29 நாள், 12 மணி, 793 பங்கு.

ஒரு மணிக்கு 1080 பங்கு. ஒரு பங்கு என்பது மூன்றே கால் செகண்டுக்குச் சற்று மேல், 3⅓. ஹெலெக் என்பார்கள். நம் கணக்கில் 29 நாள் 12 மணி 44 நிமிடம் 3⅓ செகண்ட். பாபிலோன் வானியலாரின் சராசரி மாதம் இதே எண்தான், தாலமியின் வானியல் நூலான அல்மாஜெஸ்டிலும் இருக்கிறது. உண்மையான சராசரியோடு வித்தியாசம் அரை செகண்ட் அளவுக்கே.

ஆரம்பப் புள்ளி முதலாம் ஆண்டின் திஷ்ரி: திங்கள், 5 மணி, 204 பங்கு. ஜூலியன் கணக்கில் கிமு 3761 அக்டோபர் 7. அதிலிருந்து மாதங்களைக் கூட்டிக்கொண்டே வந்தால் எந்த மாதத்துக்கும் மோலாத் கிடைக்கும். அதாவது சராசரி அமாவாசை நேரம். கவனிக்க, சராசரி. நிஜ அமாவாசை அதிலிருந்து பல மணி நேரம் முன்பின் இருக்கும்.

செய்து காட்டுகிறேன். நாள் மாலை 6 மணிக்குத் தொடங்கும்.

5785 திஷ்ரி: வியாழன் 9 மணி 391 பங்கு. வியாழன் அதிகாலை 3:21. தடையில்லை, ரோஷ் ஹஷானா வியாழன், அக்டோபர் 3, 2024.

5786: பன்னிரண்டு மாதம் கூட்டினால் திங்கள் 18 மணி 187 பங்கு. அதாவது திங்கள் பகல் 12:10. இங்கே ஒரு விதி குறுக்கே வரும்: மோலாத் நண்பகலிலோ அதற்கு அப்புறமோ விழுந்தால் அந்த நாள் கிடையாது, அடுத்த நாள். பத்து நிமிடத்தில் திங்கள் போச்சு! செவ்வாய், செப்டம்பர் 23, 2025. அதனால் 5785க்கு 355 நாள்.

5787: சனி 2 மணி 1063 பங்கு. வெள்ளி இரவு ஒன்பதுக்கு ஒரு நிமிடம் முன். சனி, செப்டம்பர் 12, 2026. சரி.

5788: பதின்மூன்று மாதம் கூட்ட வேண்டும், 383 நாள் 21 மணி 589 பங்கு. விழுவது வெள்ளி 0 மணி 572 பங்கு. நம் கடிகாரத்தில் வியாழன் மாலை 6:31, ஆனால் அவர்களுக்கு வெள்ளி பிறந்துவிட்டது. இன்னொரு விதி: ரோஷ் ஹஷானா ஞாயிறு, புதன், வெள்ளியில் வரக்கூடாது. தள்ளு சனிக்கு. அக்டோபர் 2, 2027. 5787க்கு 385 நாள்.

5784க்கும் இதே வெள்ளித் தடைதான். மோலாத் வெள்ளி, கொண்டாடியது சனி, செப்டம்பர் 16, 2023. சீட்டுக் குலுக்கல் இல்லை வாரக்கடைசி, எல்லாம் கூட்டல் வகுத்தல். நாளைத் தள்ளிவைக்கும் விதிகள் இன்னும் இரண்டு உண்டு, அரிதாக வருபவை. வருஷ நீளம் 356 என்றோ 382 என்றோ ஆகிவிடாமல் பார்த்துக்கொள்வது அவற்றின் வேலை.

#12 வாரக்கடைசி

தலை சுத்துது, ஆனா புரியுது. வெள்ளிக்கிழமை என்ன பாவம் பண்ணிச்சு?

#13 ஹைஃபா காற்று

திஷ்ரி 1 வெள்ளின்னா, திஷ்ரி 10 யோம் கிப்பூர் ஞாயிறு. திஷ்ரி 1 புதன்னா, யோம் கிப்பூர் வெள்ளி. ரெண்டுலயும் ஓய்வுநாளும் யோம் கிப்பூரும் ஒட்டிக்கும். தொடர்ந்து ரெண்டு நாள் அடுப்பு பத்த வைக்க முடியாது, சாவு விழுந்தா அடக்கம் பண்ண முடியாது. வெயில் ஊர்ல குளிர்பெட்டி இல்லாத காலம், யோசிச்சுப் பாருங்க. ஞாயிறு ஆகாததுக்குக் காரணம் வேற: கூடாரப் பண்டிகையான சுக்கோத்தோட ஏழாம் நாள், திஷ்ரி 21 ஹோஷானா ரப்பா, சனியில விழும், அன்னிக்கு ஆற்றலரி (வில்லோ) கிளையைத் தரையில அடிக்கிற சடங்கு ஓய்வுநாள்ல செய்ய முடியாது.

புதுசா வந்த நாளுக்கும் இதே மனப்பான்மைதான். சுதந்திர தினம் ஈயார் 5. மே 14, 1948 வெள்ளிக்கிழமை அறிவிச்சது. இப்போ ஈயார் 5 வெள்ளி, சனியில வந்தா வியாழனுக்கு இழுத்துடறாங்க. திங்கள்ல வந்தா செவ்வாய்க்குத் தள்ளறாங்க.

உங்க பிளானுக்கு ஒரு உதவி: 2026 திஷ்ரி மாசத்தைத் தொடாதீங்க. செப்டம்பர் 12, 13 ரோஷ் ஹஷானா, 21 யோம் கிப்பூர், 26லேர்ந்து அக்டோபர் 3 வரைக்கும் சுக்கோத்தும் அதை முடிக்கிற பண்டிகையும். முந்தின நாள் மதியத்துக்கே ஆபீஸ் காலி, ஏன்னா நாள் மாலையில தொடங்கும். அடுத்த மாசம் ஹெஷ்வான், அக்டோபர் 12லேர்ந்து நவம்பர் 10. பெரிய பண்டிகை ஒண்ணுகூட கிடையாது. "பண்டிகைக்கு அப்புறம் பார்ப்போம்"னு ஒரு மாசமா தட்டிக்கழிச்ச வேலையெல்லாம் அப்பதான் நகரும்.

#14 வாரக்கடைசி

ஹெஷ்வான் காலி, நம்ம பக்கம் நவம்பர் 8 தீபாவளி. மேனேஜர்கிட்ட இதை எப்படிச் சொல்றதுன்னுதான் யோசிக்கிறேன்.

#15 கீழக்கரைப் பிறை

அப்போ வானம் சொல்ற நாளை சமையலுக்காகத் தள்ளி வைக்கிறாங்க. என் நெருடல் போகலை, கூடியிருக்கு. இந்த விதியையெல்லாம் போட்டது யாரு? ஒரே நாள்ல எல்லாரும் சரின்னு தலையாட்டிட்டாங்களா?

#16 ஹைஃபா காற்று

மரபுக் கதை: இரண்டாம் ஹில்லேல் 358ஆம் ஆண்டு வாக்கில, மன்றம் ஒடுக்கப்பட்டு, இனி சாட்சி விசாரிக்க முடியாதுங்கற நிலையில கணக்கை எல்லாருக்கும் வெளியிட்டார். இந்தச் செய்தியே பல நூற்றாண்டு கழிச்சுத்தான் எழுத்துல வருது. கெய்ரோ ஜெபாலயத்தோட பழைய ஏட்டுக் கிடங்கான கெனிசாவில கிடைச்ச கடிதம் ஒண்ணு 836ஆம் ஆண்டு பஸ்காவைச் செவ்வாய்னு சொல்லுது. இன்றைய விதிப்படி அது வியாழன் வரணும். அதனால ஒரே நாள்ல வந்த சட்டமில்லை, கொஞ்சம் கொஞ்சமா இறுகினதுன்னுதான் ஆய்வாளர்கள் சொல்றாங்க. எனக்கும் அதுதான் சரின்னு படுது.

தலையாட்டினாங்களான்னு கேட்டீங்க. 921ல பென் மெயிர் என்கிற பாலஸ்தீனத் தலைவர் நண்பகல் வரம்பை 642 பங்கு தள்ளிக் கணக்குப் போட்டார். 642 பங்குன்னா முப்பத்தாறு நிமிஷம்கூட இல்லை! பாபிலோன் பக்கத்து யூத அறிஞர் சாதியா காவோன் எதிர்த்து எழுதினார். விளைவு, 922ல ஒரு தரப்புக்குப் பஸ்கா ஞாயிறு, இன்னொரு தரப்புக்குச் செவ்வாய். கடைசியில பாபிலோன் கணக்கு நின்னுது.

பிறையைப் பார்த்தே தீரணும்னு நிக்கிறவங்க இன்னிக்கும் உண்டு பாய். காராயர்கள். வாய்மொழிச் சட்டத்தை ஏத்துக்காத யூதப் பிரிவு. அவங்கள்ல பிறையைக் கண்ணால பார்த்து, வாற்கோதுமை வயலுக்குப் போய்க் கதிரைப் பார்த்து மாசம் சொல்றவங்க இருக்காங்க. சிறு கூட்டம். பண்டிகை நாள் அடிக்கடி மத்தவங்களோட ஒத்துப்போகாது.

#17 கீழக்கரைப் பிறை

காராயர்கள் பத்திக் கேள்விப்பட்டதே இல்லை. அவங்க பக்கம்தான் நான்.

#18 பஞ்சாங்கப் பிரியன்

எனக்கு இந்த விவாதம் வாக்கியப் பஞ்சாங்கம், திருக்கணிதப் பஞ்சாங்கம் சண்டை போலவே தெரிகிறது. கோயிலில் வாக்கியம். கிரகணத்தைப் பார்க்கத் திருக்கணிதம். வாக்கியக்காரர்களிடம் வானத்தைக் காட்டினால் முன்னோர் சூத்திரத்தைக் காட்டுவார்கள்.

யூதக் கணக்கும் வானத்திலிருந்து நழுவிக்கொண்டுதான் இருக்கிறது. மாதம் துல்லியம், வருடம் அப்படியில்லை. 235 மாதத்தை 19ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 365 நாள் 5 மணி 55 நிமிடம் 25 செகண்ட் வரும். பருவ ஆண்டு 5 மணி 48 நிமிடம் 45 செகண்ட். ஆண்டுக்கு ஆறு நிமிடம் நாற்பது செகண்ட் மிகை. ஏறத்தாழ 216 ஆண்டுக்கு ஒரு நாள். ஹில்லேல் காலத்திலிருந்து இதுவரை ஏழு நாளுக்கு மேல் ஆகிவிட்டது.

#19 நெல்லைச்சீமை

அது எங்களுக்கு நேரடியாகவே தெரிகிறது. 2024ல் ஈஸ்டர் மார்ச் 31, பஸ்கா ஏப்ரல் 23. கர்த்தர் உயிர்த்தெழுந்து மூன்று வாரம் கழித்துப் பஸ்கா வருகிறதே என்று ஞாயிறு பள்ளிப் பிள்ளை ஒன்று கேட்டது. 2027லும் அப்படியே: ஈஸ்டர் மார்ச் 28, பஸ்கா ஏப்ரல் 22. சக்கரத்தின் 8, 11, 19ஆம் ஆண்டுகளில் மேற்கத்திய சபைகளின் ஈஸ்டர் ஒரு பௌர்ணமி முந்திக்கொள்கிறது. கிரெகோரியன் சீர்திருத்தத்தில் 1582ல் பத்து நாளை வெட்டியெறிந்து இவர்கள் வசந்தத்தோடு ஒத்துக்கொண்டார்கள். யூதர்கள் ஏன் திருத்தவில்லை?

#20 ஹைஃபா காற்று

திருத்த அதிகாரம் யாருக்கு? பன்னிரண்டாம் நூற்றாண்டுல யூதச் சட்ட அறிஞர் மைமோனிதேஸ் இதைத் தெளிவா எழுதியிருக்கார்: மாசம் அறிவிக்கிற உரிமை இஸ்ரேல் நிலத்து மன்றத்துக்கே. மன்றம் இல்லாத காலத்துக்குத்தான் இந்தக் கணக்கு. அதே நூல்ல, எந்த மாலை பிறை தெரியும்னு கண்டுபிடிக்கிற முழு வானியல் முறையையும் எழுதி வெச்சிருக்கார்! மன்றம் திரும்ப வந்தா சாட்சிகளைச் சோதிக்க வேணுமே. இப்போ யாராவது கணக்கை மாத்தினா ஒரு ஊர் ஏத்துக்கும், இன்னொரு ஊர் ஏத்துக்காது. 922 மறுபடி வரும். வசந்தத்தைவிட்டு முழுசா நகர இன்னும் பல ஆயிரம் வருஷம் இருக்கு, யாருக்கும் அவசரமில்லை.

பிறையை மறந்துட்டாங்கன்னும் சொல்ல முடியாது. மாசப் பிறப்புக்கு முந்தின ஓய்வுநாள்ல ஜெபாலயத்துல மோலாத் நேரத்தை மணி, நிமிடம், பங்கு வரைக்கும் அறிவிப்பாங்க, திஷ்ரிக்கு மட்டும் கிடையாது. பிறை வளர்ற நாள்ல, அநேகமா ஓய்வுநாள் முடிஞ்ச ராத்திரி, வாசல்ல கூட்டமா நின்னு நிலாவைப் பார்த்து ஆசி சொல்வாங்க. மேகம் மூடினா சொல்ல முடியாது, நிலா தெரியணும். பாய், அது மட்டும் கண்ணால பார்த்துத்தான்.

#21 ஏழாம் வாய்ப்பாடு

இரட்டை ஆதாரில் ஒரு புதிர் விட்டுப்போகிறேன். ஒரே தெருவில் இரண்டு பையன்கள். முதலாமவன் பிறந்தது பிப்ரவரி 29, 2024 பகலில்: முதல் ஆதார் 20, 5784. இரண்டாமவன் மார்ச் 20, 2024 பகலில்: இரண்டாம் ஆதார் 10. யூதப் பையனுக்குப் பதின்மூன்று வயது நிறைந்தால் கட்டளைக்கு உட்பட்ட ஆண்மகன். யார் முதலில்?

#22 வாரக்கடைசி

இருபது நாள் பெரியவன்தானே முதல்ல? இல்லேன்னா கேட்டிருக்க மாட்டீங்க. 5784 + 13 = 5797. 19ஆல வகுத்தா மீதி 2. சாதா வருஷம், ஒரே ஆதார். அப்போ சின்னவனுக்கு ஆதார் 10, பெரியவனுக்கு ஆதார் 20... சின்னவன் பத்து நாள் முந்திடறானா!

#23 ஹைஃபா காற்று

ஆமாம், சட்டமே அப்படித்தான். பதினாறாம் நூற்றாண்டுல யோசேப் காரோ தொகுத்த சட்ட நூலான ஷுல்ஹான் ஆருக்ல இந்த மாதிரி ரெண்டு பையன்களை வெச்சே தீர்ப்பு எழுதியிருக்கு. பெரியவன் காத்திருக்கணும். இறந்த நாளுக்கும் ஆதார் சிக்கல் உண்டு: சாதா வருஷ ஆதார்ல இறந்தவருக்கு இரட்டை ஆதார் வருஷத்துல எந்த ஆதார்ல திதி? ஐரோப்பிய மரபு யூதர்களான அஷ்கெனாசிகள் பெரும்பாலும் முதல் ஆதார், ஸ்பெயின் வழி மரபினரான செபார்திகள் இரண்டாவது. ஆதார்ல வர்ற பூரிம் பண்டிகை மட்டும் எல்லாருக்கும் இரண்டாவதுலதான்.

#24 பஞ்சாங்கப் பிரியன்

அதிக மாதத்தில் இறந்தவருக்குத் திதி எப்போது என்று நம் சாஸ்திரிகளும் இப்படித்தான் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.

#25 கீழக்கரைப் பிறை

அந்தப் பெரிய பையனுக்கு இங்கிலீஷ் பிறந்தநாளும் நாலு வருஷத்துக்கு ஒருதடவைதான். பாவம்.